பீர்க்கம்பூ விரியும் நேரம்

போடிநாயக்கனூர்,
விசுவாவசு வருடம், ஐப்பசி 9,
26 அக்டோபர் 2025, ஞாயிற்றுக்கிழமை,
மாலை மணி 4.25.

1. பின்கட்டு மேட்டுப்பாத்திகளின் இன்றைய நிலவரம்

என் அன்பிற்கினிய மாப்பிள்ளை பெருமாள்சாமி அவர்களுக்கு,

உங்கள் மச்சான் சுருளிவேல் எழுதிக்கொள்வது. தலைப்புக்கு எண் போட்டிருப்பதைப் பார்த்ததும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "தங்கச்சி புருசனுக்குக் கடுதாசி எழுதுறப்பவுமா மச்சான் நம்பரு? எஸ்டேட்டு ஆபீசுன்னு நெனப்பா?" என்பீர்கள். முப்பத்தாறு ஆண்டுகள் ஏலக்காய்த் தோட்டத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு வேறு விதமாக எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதச் சொன்னவன் உங்கள் மகன் குமரேசன். வரும் நவம்பர் 19 அன்று உங்கள் முதலாண்டு நினைவுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு மலர் அச்சிட்டுக் கொடுக்கப் போகிறானாம். "மாமா, அப்பாவப் பத்தி ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்று கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசியில் கேட்டான். நீங்கள் போன அன்று கார்த்திகை நான்காம் நாள். இந்த ஆண்டு அதே ஆங்கிலத் தேதி கார்த்திகை மூன்றில் விழுகிறது. திதி இரண்டோடும் ஒட்டவில்லை. எது சரியான நாள் என்று நான் கேட்டதற்கு, "மாமா, லீவு கெடைக்கிற நாளுதான் சரியான நாளு" என்றான். நாளை விட்டுக்கொடுத்துவிட்டேன். இரண்டு வரியை மட்டும் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

உங்கள் வீட்டுப் பின்புறத்தில், மூன்றாவது பாத்திக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்குள் போகாமல் பக்கவாட்டுச் சந்து வழியாக வந்தேன். அதற்குக் காரணம், பின்கதவு உள்ளே தாழிடப்பட்டிருப்பதுதான். ஓராண்டாக மாலை நான்கு மணி ஆனால் அது அப்படித்தான். கதவுக்கு அந்தப் பக்கம் என் தங்கை வேலுத்தாய் இருக்கிறாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கிறது.

படிக்கிறவர்களில் இந்தப் பாத்திகளைப் பார்த்திராதவர்களும் இருக்கக்கூடும். குரங்கணிச் சாலையை ஒட்டிய இந்த மனையில் ஒரு சாண் தோண்டினால் பாறை. கறிவேப்பிலைகூட ஊன்ற வழியில்லை. போடிமெட்டுக்கு மேலே தோட்ட வேலைக்கு ஆட்களை ஜீப்பில் ஏற்றிச் சென்று மாலையில் இறக்கிவிடுவது உங்கள் தொழில். திரும்பும்போது தினமும் இரண்டு மூட்டை மண் கொண்டுவந்தீர்கள். ஏலச்செடித் தட்டையும் தழையும் மக்கிக் கிடந்த கறுத்த மண். தோட்ட மேலாளரிடம் அதற்கு வாய்மொழி அனுமதி பெற்றுத் தந்தவன் நான்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

"அண்ணே, இப்பிடியே போனா மலை எறங்கி ஒங்க வீட்டுக்கே வந்துரும்போல" என்று ஜீப்பில் வரும் பெண்கள் கேலி செய்வார்களாம். "வரட்டும்த்தா. ஒங்களுக்கும் ஏறி எறங்குற சோலி மிச்சம்" என்று நீங்கள் திருப்பிச் சொன்னதை என்னிடமே நாலு முறை சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள்.

சிமெண்டுக் கற்களை அடுக்கி, அந்த மண்ணைக் கொட்டி, நான்கு பாத்திகள் எழுப்பினீர்கள். இடுப்பு உயரம் எதற்கு, முழங்கால் உயரம் போதாதா என்று நான் கேட்டேன். முட்டிவலியால் வேலுத்தாயால் குனிய முடியாது என்பது அப்போது என் மனதில் இல்லை. அவளைக் கூப்பிட்டுச் சுவரருகே நிறுத்தி, கையை மடக்கச் சொல்லி, முழங்கை நின்ற இடத்தில் கரித்துண்டால் கோடு போட்டீர்கள். "என்னையென்ன சட்டைக்கா அளவெடுக்குறீக?" என்று அவள் வெட்கப்பட்டாள். அந்தக் கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. இந்தப் பாத்திகள் அவள் ஒருத்தியின் உயரத்துக்குத் தைத்த சட்டை. என் உயரத்துக்கு இவை சரிப்படவில்லை, மாப்பிள்ளை. குனிந்தும் குனியாமலும் நின்று என் முதுகு ஒரு வழியாகிவிட்டது.

நீங்கள் போன அன்று நடந்ததை விரித்து எழுத விருப்பமில்லை. ஜீப்பை நிறுத்தினீர்கள். ஒரு மூட்டையைத் தூக்கிவந்து பாத்தியில் கொட்டினீர்கள். இரண்டாவதை இறக்கிச் சுவரோரம் சாய்த்தீர்கள். "கொஞ்சம் தண்ணி கொண்டா தாயி" என்று கேட்டுவிட்டுப் பாத்தி விளிம்பில் உட்கார்ந்தீர்கள். அவள் சொம்போடு வந்தபோது கேட்டவர் இல்லை. அந்தச் சொம்பை அவள் இந்தக் கதவு வழியாகத்தான் கொண்டுவந்தாள். அன்றும் மேலே பந்தலில் பீர்க்கம்பூ விரிந்திருந்தது.

அந்த இரண்டாவது மூட்டை அதே இடத்தில் இருக்கிறது. யாரும் கட்டவிழ்க்கவில்லை. மழையில் நனைந்து, சாக்கின் கிழிசல் வழியாகப் புல் முளைத்து, காய்ந்து, மறுபடி முளைத்திருக்கிறது.

தை மாதத்துக்குள் பாத்திகள் நான்கும் காய்ந்துவிட்டன. வேலுத்தாய் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிடுகிறாள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். பாத்தி பசுமையாகிவிட்டால் கதவு தானாகத் திறக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். மாசி மகத்துக்கு மறுநாள் வேலையைத் தொடங்கினேன். தக்காளி, கத்தரி, வெண்டை, கொத்தவரை. எந்த நாளில் எதை ஊன்றினேன் என்று ஒவ்வொரு பாத்தியிலும் ஓர் அட்டை செருகிவைத்தேன். நீங்கள் இருந்திருந்தால், "வெண்டைக்காய்க்கும் செக்ரோலு போட்டாச்சா மச்சான்? இன்னைக்கு எத்தன பேரு ஆசரு?" என்று தோட்டத்து வருகைப் பதிவேட்டை நினைவூட்டிக் கேட்டிருப்பீர்கள். கேட்க ஆளில்லாமல் அந்த அட்டைகளைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

சித்திரை வெயில் வந்தது. அங்கேதான் நான் அறிந்த ஒரே விவசாயம் என்னைக் கவிழ்த்தது. ஏலத்தோட்டத்தில் ஆயுள் முழுவதும் நான் கேட்டதெல்லாம் ஒரே பேச்சு: நிழல். நிழல் குறைந்தால் தட்டை கருகும், மரத்தை வெட்டாதே, கிளையைப் பார்த்துக் கழி. ஆகவே நான்கு மூலைக்கும் கம்பு நட்டுப் பச்சை நிழல்வலை கட்டினேன். ஆனி, ஆடியில் மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கியபோது பக்கவாட்டிலும் வலையைச் சுற்றி, கீழே கல் வைத்து இறுக்கினேன். உள்ளே போவதற்கு எனக்கே ஒரு மூலையை அவிழ்க்க வேண்டியிருந்தது.

செடிகள் வளர்ந்தன, மாப்பிள்ளை. என் தோள் உயரத்துக்கு வளர்ந்தன. வெளிறிய பச்சையில், மெலிந்த தண்டோடு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. தக்காளி பூக்கவே இல்லை. வெண்டை இலை கூடை அகலம், காய் இல்லை. நான் இன்னும் கொஞ்சம் நீர் ஊற்றினேன். இன்னொரு மடிப்பு வலை போட்டேன். ஒரு தவற்றை அதே தவற்றால் திருத்துகிறேன் என்று எப்படி எனக்குத் தெரிந்திருக்கும்?

ஆடிப் பதினெட்டு அன்று மூன்றாவது பாத்தியில் பீர்க்கு ஊன்றினேன். உங்கள் பந்தல் அப்படியே இருந்தது. கொடி ஏறியது. புரட்டாசி பிறந்ததும் மொட்டுக் கட்டியது. ஒரு காலையில் சமையலறை ஜன்னல் திறந்து, கம்பிக்குப் பின்னால் வேலுத்தாயின் முகம் தெரிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவள் பாத்தியைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

"அண்ணே, அது ஏலக்காயில்ல."

"தெரியும் தாயி. தக்காளி."

"தக்காளிக்குக் குடை புடிச்சா, அது கல்யாணப் பொண்ணு கணக்கா தல குனிஞ்சு நிக்கும். காய்க்குமா? ஈ எறும்பு போக வழியில்லாம இப்பிடிப் பொட்டலங் கட்டி வச்சிருக்கீக. தேனீ எங்கிட்டுக்கூடி உள்ள போகும்? ஒங்ககிட்டச் சீட்டு வாங்கிட்டா?"

சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அன்றே வலையை அறுத்தேன். அறுக்கும்போது எனக்கு வருத்தம் இல்லை என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அவள் என்னைத் திட்டினாள்! என் தங்கை பழையபடி திட்டினாள்! வலை போனால் என்ன?

ஆனாலும் பீர்க்கு காய்க்கவில்லை. தேனீக்கள் வழி மறந்துவிட்டனவோ என்னவோ. பெண் பூவின் அடியில் விரல் நீளத்துக்குப் பிஞ்சு இருக்கும், மறுநாள் மஞ்சளாகும், அதற்கு மறுநாள் வெம்பித் தரையில் கிடக்கும். தினமும் காலையில் வந்து பொறுக்கினேன். கையில் வைத்துப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. பூச்சி இல்லை, அழுகல் இல்லை. வளர வேண்டாம் என்று அதுவே முடிவு செய்துவிட்டதைப் போலிருக்கும். அப்படிப்பட்ட ஒன்றிடம் என்ன சொல்லி வளரச் சொல்வது?

புரட்டாசி 24, வெள்ளிக்கிழமை. மாலையில் அந்தப் பிஞ்சுகளை முறத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் தாழ் விலகும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாள் என்று ஏனோ பயம்.

"அம்புட்டையுமா பெறக்கி வச்சிருக்கீக? சாமிக்குப் படைக்கவா?"

"தானா விழுது தாயி. என்னன்னு பிடிபடல."

"தொட்டு வைக்காட்டி விழத்தான செய்யும்."

பந்தலுக்கு அடியில் வந்து நின்றாள். குனியவில்லை, எட்டவும் இல்லை. எல்லாம் அவள் கைக்குச் சரியாக இருந்தது. கொத்தாக நீட்டியிருந்த ஆண் பூக்களில் ஒன்றைக் கிள்ளினாள். இதழைப் பின்னால் மடித்து, அடியில் பிஞ்சோடு இருந்த ஒரு பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டு எடுத்தாள். குழந்தைக்குப் பொட்டு வைப்பதைப் போல. மூன்று பூக்களுக்கு அப்படிச் செய்தாள்.

"மாப்பிள்ளை இதையெல்லாம் உனக்குக் காட்டிக் குடுத்தாராக்கும்?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள், மாப்பிள்ளை. இவ்வளவு மாதங்களில் அந்த ஒரு முறைதான் சிரித்தாள். "அவரா? ஒருநாளாவது பூ விரியிற நேரத்துக்கு வீடு வந்து சேந்திருக்காரா அந்த மனுசன்? 'நான் வர்ற நேரம் பாத்துப் பூக்குது'ன்னு ஊரெல்லாம் பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சாரு. அதுக்கு முன்னாலயே விரிஞ்சு, நான் தொட்டு வச்சு முடிச்சிருப்பேன். அவருக்கு இது தெரியவே தெரியாது."

"ஏன் சொல்லல?"

"சொல்ல என்ன இருக்கு. மெட்டுல ஆளுகள ஏத்தி எறக்கி வர்ற மனுசன். பனி எறங்குனா பாதை தெரியாது. ஜீப்பு சத்தம் கேக்குற வரைக்கும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. அதான் பூவத் தொட்டுக்கிட்டு நிப்பேன்."

அதைச் சொன்ன பிறகு அவள் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த பூவைப் பாத்தி விளிம்பில் வைத்தாள். உள்ளே போனாள். தாழ் விழுந்தது. மறுநாள் மாலை திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

உங்கள் வீட்டில் காய்த்த பீர்க்கங்காய் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுக்கும் வாரம் தவறாமல் கொண்டுவந்து கொடுப்பீர்களே, "மலை மண்ணு மச்சான், சும்மாவா" என்று? மலை மண் மட்டும் இல்லை, மாப்பிள்ளை. கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் பத்திரமாக இறங்கிவர வேண்டுமே என்ற கலக்கத்தில் ஒருத்தி தொட்டுவைத்த பூக்கள் அவை. இப்போது அந்தச் சாலையில் அவளுக்காக எந்த ஜீப்பும் வரப்போவதில்லை. காத்திருக்க ஆள் இல்லாதவளிடம் போய், பூவைத் தொட்டு வை என்று நான் எந்த வாயால் சொல்வது?

பூவை நானே தொட்டுப் பார்த்தேன். மாலை ஐந்துக்கு வந்து உட்கார்ந்து, விரிந்ததும் எழுந்து, அவள் செய்ததைப் போலவே செய்தேன். அவசரத்தில் ஒரு பெண் பூவை ஒடித்தேவிட்டேன். மற்றவை வெம்பிவிட்டன. அவள் தொட்ட மூன்றில் ஒன்று மட்டும் பிடித்தது. ஒரு முழம் நீளத்துக்கு இப்போது என் தலைக்கு மேல் தொங்குகிறது. பறித்திருக்க வேண்டிய நாள் கடந்துவிட்டது, முற்றத் தொடங்கியிருக்கிறது.

இதனிடையே சென்ற வாரம் தீபாவளிக்குக் குமரேசன் வந்திருந்தான். நல்ல பிள்ளை, அவன் மேல் எனக்குக் குறையில்லை. "மாமா, அம்மா அந்தக் கதவத் தொறக்குறதே இல்ல. சாப்புடுறதும் இல்ல. தேவசம் முடிஞ்ச கையோட கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். வீட்டப் பூட்டிருவோம். பாத்தியையெல்லாம் கலைச்சுட்டா பாம்பு அண்டாது" என்றான். அவன் சொன்னதில் தவறு இல்லை.

தங்கையிடம் கேட்டேன். "நீ என்ன சொல்றே தாயி?"

"எங்கிட்டு இருந்தா என்னண்ணே."

இருக்கிறேன் என்றாலும் போகிறேன் என்றாலும் அதற்கேற்றபடி ஏதாவது செய்வேன். எங்கிட்டு இருந்தா என்ன என்பதற்கு என்ன செய்வது? அன்று இரண்டாவது மூட்டைக்கு அருகில் போய் நின்று, அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வீடு திரும்பினேன். நீங்களாக இருந்தால் ஏதாவது கோணங்கித்தனம் செய்து அவளைச் சிரிக்கவைத்திருப்பீர்கள். எனக்கு அது வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நேரத்துக்கு வருவது.

இங்கே சற்று எழுதுவதை நிறுத்தியிருந்தேன். மணி 5.20. பந்தலில் நான்கு பெண் பூக்கள் இன்று விரியப் போகின்றன. மொட்டின் நுனியில் மஞ்சள் தெரிகிறது. பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் அவள் நிற்கிறாளா, அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை.

2. தீர்மானம்

நேரத்துக்கு வருவது என்று மேலே எழுதிய பிறகுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. பூ விரியும்போது நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே பூவைத் தொட ஆள் இருக்கிறது. ஆகவே அவள் வர வேண்டிய தேவை இல்லை. நீங்களோ ஒருநாளும் அந்த நேரத்துக்கு வந்ததில்லை. அலுவலகத்துக்கு ஒருநாள்கூடத் தாமதமாகப் போகாதவன் நான். அதுவே இங்கே என் பிழை.

ஆகவே, மாப்பிள்ளை, உங்களுக்கு நான் தரும் வாக்கு இது. இன்று முதல் நான் தாமதமாக வருவேன். பூ விரியும் நேரத்தில் இந்தப் பின்கட்டில் இருக்க மாட்டேன். இருட்டத் தொடங்கும்போது, குரங்கணிச் சாலை வளைவில் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வருவேன். சில நாள் சீக்கிரம், சில நாள் மிகத் தாமதம். எந்த நாள் எப்படி என்று சொல்ல மாட்டேன். என் வயதையும் என் கண்ணையும் இந்தச் சாலையில் ஓடும் லாரிகளையும் அவள் அறிவாள். அண்ணன் இன்னும் வரவில்லையே என்று ஒருநாள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்க மாட்டாளா?

பார்க்காமலும் போகலாம். ஜீப்புக்கு ஈடாகச் சைக்கிள் ஆகாது. புருசனுக்கு ஈடாக அண்ணனும் ஆக மாட்டான். அவள் கோயம்புத்தூருக்கே போவதாக இருந்தாலும், போகும் நாள் வரை இதைச் செய்வேன். இந்த மலர் அச்சானதும் அவளும் இதைப் படிப்பாள், படித்துவிட்டு, "இதுக்குத்தான் இருட்டுக்குள்ள மணியடிச்சுட்டு வந்தீகளா?" என்று திட்டுவாள். அதற்காகவும் எழுதுகிறேன்.

மணி 5.35. முதல் பூ ஓரிதழ் விலக்கிவிட்டது. நான் எழுந்துகொள்கிறேன். நான்கு பூக்களையும் தொடாமல் விட்டுப் போகிறேன். அவள் வராவிட்டால் நாளைக் காலை நான்கும் வெம்பத் தொடங்கும். அதைத் தடுக்க என்னால் ஆவது ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உங்கள் கேலிக்கு என்றும் கட்டுப்பட்ட,
வேலுத்தாயின் அண்ணன், உங்கள் மச்சான்
சுருளிவேல்

இணைப்பு (நகல் குமரேசனுக்கு; இவை மூலக் கடிதத்துடன் உறையிலிட்டு, இரண்டாவது மூட்டைக்கு மேல் கல்லடியில் வைக்கப்படுகின்றன):

1. அறுத்தெடுத்த நிழல்வலை, கையகலத் துண்டு ஒன்று.
2. வெண்டைப் பாத்தியில் செருகியிருந்த அட்டை ஒன்று. தாங்கள் சிரிப்பதற்கு.
3. புரட்டாசி 24 அன்று வேலுத்தாய் பாத்தி விளிம்பில் வைத்துச் சென்ற ஆண் பூ, உலர்ந்தது.
4. வெம்பிய பிஞ்சு ஒன்று.

இணைக்கப்படாதது: பீர்க்கங்காய் ஒன்று. கொடியிலேயே இருக்கிறது. பறிக்க வேண்டியவள் இன்னும் வரவில்லை.